இதுதான் கடைசி, யாரும் தொடாதீங்க

"நான் ஒண்ணும் பண்ணலை சார். அதுவாத்தான் கேட்டுச்சு. சரின்னு சொன்னேன், அவ்வளவுதான்" என்றாள் ரீஸ்டார்ட் அக்கா.

"எது கேட்டுச்சு?"

"பெட்டி."

முதலாளி குனிந்து பார்த்தார். அலமாரியின் கீழ்த்தட்டில், சுருட்டி வைத்த வரைபடங்களுக்கு நடுவே, ரொட்டி டப்பா அளவில் கறுப்பாக உட்கார்ந்திருந்தது பெட்டி. நேற்றுவரை அதில் பச்சை விளக்கு எரிந்தது. இப்போது ஆரஞ்சு விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"என்னன்னு கேட்டுச்சு?"

"புதுசா வந்திருக்கு, மாத்திக்கலாமான்னு. ஒரு வாரமா கேட்டுக்கிட்டே இருந்துச்சு சார். எத்தனை தடவைதான் 'அப்புறம்'னு சொல்றது? எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

முதலாளி நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அது ஒரு கட்டட வரைபட அலுவலகம். இத்தனை வருடத்து வரைபடமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து அதைத் திறக்கலாம், வரையலாம், மூடலாம். இன்று காலையிலிருந்து யார் திறந்தாலும் 'இணைப்பு இல்லை' என்று மட்டும்தான் வந்தது.

அக்கா கணக்குப் பார்க்க வந்தவள். சேர்ந்த புதிதில் ஒருநாள் பிரிண்டர் படுத்துக்கொண்டது. எல்லோரும் சுற்றி நின்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அக்கா போய் சுவிட்சை அணைத்துப் போட்டாள். பிரிண்டர் எழுந்துகொண்டது. போதாதா? அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் மின்சாரத்தில் ஓடுகிற சகலமும், காபி மெஷின் உட்பட, அவள் தலையில் வந்து விழுந்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது.

"நாலு மணிக்கு டாக்டரம்மா வர்றாங்க, ஞாபகம் இருக்கில்ல?" என்றார் முதலாளி. "கிளினிக் வரைபடம் மொத்தமும் காட்டணும்."

ஞாபகம் இல்லாமலா? இந்த வருடம் அலுவலகத்துக்கு வந்த ஒரே பெரிய வேலை அந்தக் கிளினிக். அது கைவிட்டுப் போனால் ஒரு நாற்காலி காலியாகும். எந்த நாற்காலி என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை.

"மத்தியானத்துக்குள்ள சரி பண்ணிடறேன் சார்" என்றாள். வாய் சொல்லிவிட்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

பெட்டிக்காரர்களின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். புதிய பதிப்பைப் பற்றி நாலு வரி பெருமை. அதற்குக் கீழே, 'தெரிந்த சிக்கல்களும் மாற்று வழிகளும்' என்று ஒரு பகுதி. அது போய்க்கொண்டே இருந்தது.

"தெரிஞ்ச சிக்கலா? தெரிஞ்சே செஞ்சிருக்கானுங்களே, பாவிங்க!" என்றாள் அக்கா.

முதல் சிக்கல் இவளுடையதேதான். மாற்றிய பிறகு கம்ப்யூட்டர்கள் பெட்டியை மறந்துவிடுமாம். மாற்று வழி: பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, புதிய பாஸ்வேர்டு கொடுத்து மறுபடி இணைக்க வேண்டும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு யோசிக்க அக்காவுக்கு ஏது நேரம்? எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டைக் கொடுத்து, ஒவ்வொரு மேஜையாகப் போய் இணைத்துவிட்டு வந்தாள். பெட்டி திறந்தது. நன்றாகவே திறந்தது.

கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டது என்பது சற்று நேரத்தில் தெரிந்தது. அவரவருக்கு மட்டும் தெரிய வேண்டிய ஃபோல்டர்கள் எல்லோருக்கும் தெரிந்தன. முதலாளி தன் அறையிலிருந்து 'சொந்தம்' என்ற ஃபோல்டரைத் திறந்தார். அது இன்ஜினியருடையது. உள்ளே வேறு அலுவலகங்களுக்கு எழுதிய வேலை விண்ணப்பங்கள். 'தற்போதைய இடத்தில் தலைமை சரியில்லை' என்று ஒரு வரி.

அதே சமயம் இன்ஜினியர் 'மிக ரகசியம்' என்ற ஃபோல்டரைத் திறந்திருந்தார். அது முதலாளியுடையது. 'வாழ்நாள் சாதனை விருது, ஏற்புரை' என்று உள்ளே ஒரு உரை. பிறகு 'ஏற்புரை, கொஞ்சம் பணிவாக'. பிறகு 'ஏற்புரை, கண்ணீருடன்'. முதலாளிக்கு இதுவரை யாரும் ஒரு சால்வைகூடப் போர்த்தியதில்லை.

கண்ணாடித் தடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலைநிமிர்ந்தார்கள்.

"நான் எதையும் பார்க்கலை சார்" என்றார் இன்ஜினியர்.

"நானும்தான்" என்றார் முதலாளி. அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பிக் கத்தினார். "மூடும்மா! முதல்ல எல்லாத்தையும் மூடு!"

இதுவும் தெரிந்த சிக்கல்தான். மாற்று வழி: அனுமதிப் பக்கத்தில் போய், 'உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அக்கா அடித்தாள். ஒவ்வொரு ஃபோல்டராக மறைந்தது. முதலாளிக்கு உயிர் வந்தது. மறைவது நிற்கவில்லை. கடைசியில் ஒரு ஃபோல்டரும் மிச்சமில்லை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை, அக்காவுக்கும்கூட.

இப்போது என்ன செய்வாள்? பெயருக்கேற்ற வேலையைத்தான் செய்வாள். சுவிட்சை அணைத்துப் போட்டாள்.

பெட்டி செருமிக்கொண்டு எழுந்தது. 'சரிபார்க்கப்படுகிறது, காத்திருக்கவும்' என்றது. அக்கா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே காத்திருந்தாள். கடைசியில் பச்சை விளக்கு எரிய, ஃபோல்டர்கள் திரும்பி வந்தன. பழைய பள்ளிக்கூடம் வந்தது, மாடி வீடு வந்தது, பெட்ரோல் பங்க் வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை.

கிளினிக்.

மேலே தேடினாள், கீழே தேடினாள். குப்பைத் தொட்டிக்குள்ளும் போய்ப் பார்த்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உதவி மையத்துக்குப் போன் போட்டால், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். காது சூடாகும்வரை கேட்டாள். அப்புறம் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டாள். அலுவலகம் முழுக்க அந்தப் பாட்டு ஓடியது. இன்ஜினியர் தாளம்கூடப் போட ஆரம்பித்துவிட்டார்.

ஒருவழியாக ஒரு பெண் எடுத்தாள். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"கவலைப்படாதீங்க மேடம்! தொலைஞ்ச ஃபோல்டரைக் கண்டுபிடிக்காம நான் விட்டதே இல்லை. உங்க பெட்டிக்கு இங்கேருந்தே வர்றதுக்கு அனுமதி கொடுங்க. தேடிட்டு நானே கூப்பிடறேன்."

"மூணு மாசத்து வேலைம்மா. எப்படியாவது எடுத்துக் கொடு."

"எடுத்துடலாம் மேடம்! ஃபோல்டர் பேரு?"

அக்கா பெருமூச்சு விட்டாள். அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. வரைபடத்தை மாற்றினால் பெயரின் வாலில் ஒரு வார்த்தை சேர்ப்பார்கள். யாரும் பழைய வாலை வெட்ட மாட்டார்கள்.

"'டாக்டரம்மா கிளினிக் கடைசி, திருத்திய கடைசி, உண்மையான கடைசி, இதுதான் கடைசி, யாரும் தொடாதீங்க.'"

"இது முழுக்க ஒரே பேரா மேடம்?"

முதலாளிக்கு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னாள். அவர் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார். அக்கா பக்கத்திலேயே நின்றாள், தண்டனைக்கு நிற்பவள் மாதிரி.

"அம்மா, ஒரு சின்னச் சிக்கல். எங்க பெட்டியில உங்க கிளினிக் வரைபடம் எல்லாம்... காணாமப் போயிடுச்சு."

"காணாமப் போயிடுச்சா?" டாக்டரம்மாவின் குரல் அக்காவுக்கே கேட்டது. "எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

"நான் அளந்து அனுப்பினது?"

"அதுவும் சேர்ந்துதான் அம்மா."

"ஒண்ணுகூட மிச்சமில்லையா? நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டோம் அம்மா" என்றார் முதலாளி நொந்துபோய்.

"நான் நாலு மணிக்கு வர்றேன். நேர்ல பேசணும்."

போன் கட்டானது. "நேர்ல பேசணுமாம்" என்றார் முதலாளி. "முடிஞ்சுது." அவர் திட்டியிருந்தால்கூட அக்காவுக்குப் பரவாயில்லை. திட்டாமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அதுதான் தாங்கவில்லை.

கிளினிக்கை வரைந்தவர் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணன். அலுவலகத்தில் மூத்தவர், அதிகம் பேசாதவர். மூன்று மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். அவரிடம் போய் நிற்பதுதான் அக்காவுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அண்ணன் தலைநிமிர்ந்தார். "கிளினிக் ஃபோல்டரா? முழுசாவா?"

"முழுசா அண்ணா."

"அப்படியா?" என்றார். எழுந்தார். "நீ சாப்பிட்டியாம்மா? உட்காரு. டீ போட்டுத் தர்றேன்."

அண்ணன் இந்த அலுவலகத்தில் இதுவரை யாருக்கும் டீ போட்டுக் கொடுத்ததில்லை. அவர் போட்ட டீயைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா அழுதே விட்டாள். மூன்று மாத உழைப்பைத் தொலைத்தவளுக்கு டீ போட்டுக் கொடுக்கிறாரே, என்ன மனுஷன்!

"அழாதம்மா. பெட்டின்னா அப்படித்தான். யாருக்கும் நடக்கும்."

"இல்லண்ணா, நான் விடமாட்டேன். உதவி மையத்துல ஒரு பொண்ணு உள்ள புகுந்து தேடிக்கிட்டிருக்கா. கண்டிப்பா எடுத்துடுவேன்னு சொல்லிட்டா."

அண்ணனின் முகம் வெளுத்தது. கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார்.

"தேட வேண்டாம்னு சொல்லும்மா."

"ஏண்ணா?"

"உள்ள ஒண்ணுமில்லம்மா."

"பேர் இவ்வளவு நீளமா இருக்கேண்ணா!"

"பேர்தான்மா இருக்கு. உள்ள ஒரு காம்பவுண்ட் சுவர், ஒரு கேட். அவ்வளவுதான். யாரும் திறந்து பார்க்கக் கூடாதுன்னுதான் 'தொடாதீங்க'ன்னு போட்டேன்."

அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

அண்ணன் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். டாக்டரம்மா தன் மனையில் நின்று எடுத்துக்கொண்ட படம். கேட் வைக்கப் போகும் இடத்தில் பெரிய மரம் ஒன்று நின்றது.

"வாசல்ல மரம் இருக்கணும், நோயாளிங்க நிழல்ல உட்காரணும்னாங்க. சரி. ஆனா அவங்க அளந்து அனுப்பின கணக்குப்படி வரைஞ்சா, மரம் வாசல்ல வரலை. ஆபரேஷன் தியேட்டருக்குள்ள வந்து நிக்குது. திருப்பி வரைஞ்சேன். கழிப்பறைக்கு வந்துச்சு. நானும் மூணு மாசமா மரத்தைச் சுத்திக்கிட்டே இருக்கேன்."

"அளவு தப்பா இருக்கும்னு கேட்டிருக்கலாமேண்ணா!"

"யாரைக் கேக்கறது? நம்ம ஆளை அனுப்பறோம்னு சொன்னதுக்கு, வேண்டாம், நானே நேர்ல நின்னு டேப் பிடிச்சு அளக்கறேன், எனக்கு யாரையும் நம்பிக்கை இல்லைன்னுட்டாங்க. ஊசி போடறதுல கைதேர்ந்தவங்க. அளக்கறதுல தப்புப் பண்ணுவாங்களா? நான்தான்..." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குத்தான் மூளை மழுங்கிப் போச்சும்மா. இத்தனை வருஷம் வரைஞ்சவனுக்கு ஒரு மரத்தை வாசல்ல நிறுத்தத் தெரியலைன்னு எந்த முகத்தோட சொல்றது? வீட்ல சொல்லலை. முதலாளிகிட்ட சொல்லலை. இன்னிக்குக் காலைல ராஜினாமா பண்ணிடலாம்னுதான் வந்தேன். நீ வந்து தொலைஞ்சு போச்சுன்ன. சாமி மாதிரி தெரிஞ்சம்மா."

அக்காவுக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. காலையிலிருந்து செய்யாத கொலைக்கு அவள் ஜெயிலில் இருந்திருக்கிறாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் இன்னும் அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு கோபம் எங்கே வரும்?

"சரிண்ணா. தொலைஞ்சது தொலைஞ்சதாவே இருக்கட்டும். பழி என் மேலேயே இருக்கட்டும், எனக்கு ஏற்கெனவே பழகிடுச்சு."

உதவி மையத்தை நிறுத்தச் சொல்லப் போன் போட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றார்கள். பாட்டும் போட்டார்கள். பாட்டு முடிவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

டாக்டரம்மா கூட்ட அறைக்குள் வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த டிரைவர், அதை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். முதலாளி எழுந்து நின்றார். அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றார். சுவரில் இருந்த பெரிய திரையில் பெட்டியின் பக்கம் வெறுமையாகத் திறந்திருந்தது.

"நான் உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா. "எப்படிச் சொல்றதுன்னு..."

அக்காவின் போன் அடித்தது. அவசரத்தில் கட் பண்ணப் போனவள், எடுத்துவிட்டாள். பாட்டுக் கேட்டதிலிருந்து அது ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"மேடம்! கிடைச்சிடுச்சு!" உதவி மையத்துப் பெண்ணின் குரல் அறை முழுக்க நிறைந்தது. "தெரிஞ்ச சிக்கல்தான் மேடம்! பேர் ரொம்ப நீளமா இருந்தா புதுப் பதிப்புல மறைஞ்சிடும். மாத்தறதுக்கு முன்னாடியே சுருக்கியிருக்கணும். பரவாயில்ல, நான் 'கிளினிக்'னு சுருக்கிட்டேன். எல்லாம் பத்திரமா இருக்கு!"

திரையில் 'கிளினிக்' என்று ஒரு ஃபோல்டர் முளைத்தது. அதை நோக்கி அம்புக்குறி தானாக நகர்ந்தது.

"கடவுளே!" முதலாளி கைகூப்பினார். "திறம்மா, திற!"

அண்ணன் ஓடிப்போய் திரைக்கு முன்னால் கையை விரித்து நின்றார். அம்புக்குறி அவர் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"வேண்டாம்!" என்று அலறினாள் அக்கா.

"வேண்டாம்!" இன்னொரு குரலும் கூடவே அலறியது. அது டாக்டரம்மா.

யார் ஏன் அலறினார்கள் என்று யோசிக்க அக்காவுக்கு நேரமில்லை. அலமாரிக்கு ஓடினாள். தனக்குத் தெரிந்த வைத்தியத்தில் பாதியை மட்டும் செய்தாள். அணைத்தாள். மறுபடி போடவில்லை.

திரை இருண்டது. "மேடம்? மேடம், இணைப்பு போயிடுச்சே!" என்றது போன். அக்கா அதையும் அணைத்தாள்.

"என்னம்மா பண்ணிட்ட!" முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "கிடைச்சதையும் போக்கிட்டியே!"

"அவங்களைத் திட்டாதீங்க" என்றார் டாக்டரம்மா. முகத்தில் வேர்த்திருந்தது. ஆனால் சிரித்தார். "நல்ல காரியம்தான் பண்ணினாங்க. ஒருதடவை தொலைஞ்சு கிடைச்சதை எப்படி நம்பறது? ஒரு கோடு இடம் மாறியிருந்தா? கிளினிக் சார் இது! பழசு எதுவும் வேண்டாம். முதல்லேருந்து புதுசா ஆரம்பிங்க. ரெண்டு மாசம் எடுத்துக்கோங்க."

"அம்மா..." முதலாளிக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. ஏற்புரை 'கண்ணீருடன்' இப்போது உதவியிருக்கும், அது பெட்டிக்குள் இருந்தது.

"அந்த அளவுத் தாளையும் தூக்கிப் போட்டுடுங்க" என்றார் டாக்டரம்மா, அண்ணனைப் பார்த்து. "இந்தத் தடவை நீங்களே வந்து அளங்க."

அண்ணன் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். திரைக்கு முன்னால் விரித்த கையை இன்னும் மடக்கவில்லை.

டாக்டரம்மா கிளம்பிப் போனதும் அலுவலகமே மூச்சு விட்டது. முதலாளி அக்காவைப் பார்த்து, "நாளைக்கு லீவு எடுத்துக்கோம்மா" என்றார். அது தண்டனையா, பரிசா என்று அவருக்கே தெரியவில்லை. இன்ஜினியர் போனில் ஓடிய பாட்டை விசிலடித்தார். அண்ணன் எல்லோருக்கும் டீ போட்டார். அக்கா காலையில் மூடிய சாப்பாட்டு டப்பாவை இப்போதுதான் திறந்தாள். ஆறிப்போயிருந்தது. அமிர்தமாக இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் அவளை உறுத்தியது. அவ்வளவு நல்ல மனுஷியை ஏமாற்றிவிட்டோமே!

டிரைவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "அம்மா கண்ணாடியை விட்டுட்டாங்களாம்."

அக்கா மேஜையிலிருந்த கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். "உங்க டாக்டரம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசுங்க! நாங்க தொலைச்சதுக்கு ஒரு வார்த்தை கோபப்படலையே!"

டிரைவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெரிய மனசா? நீங்க வேறக்கா! மூணு மாசத்துக்கு முன்னாடி நாங்க அளந்து அனுப்பினது பக்கத்து ஆளோட மனையை, நேத்து அந்த ஆளு வந்து சண்டை போட்டப்புறம்தான் எங்களுக்கே தெரியும். அவ்வளவும் வரைஞ்சாங்களே, தொலைஞ்சதே நல்லதாப் போச்சுன்னு எந்த முகத்தோட சொல்றதுன்னு அம்மா வழியெல்லாம் அழுதுகிட்டே வந்தாங்க, நானும்தான், டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சவன் நான்தானே!"